உள்ளே ஒரு லிட்டர், வெளியே ஒரு லிட்டர்

மைத்துனனின் சட்டையில் எறும்பு மொய்த்திருந்தது. ஒன்றிரண்டு அல்ல. பால்கனிக் கொடியில் காயப்போட்டிருந்த நீலச் சட்டை காலரிலிருந்து இடுப்பு வரை கறுப்பாக நகர்ந்துகொண்டிருந்தது.

"என்னங்க, கொஞ்சம் இங்க வாங்க," என்று மனைவி கூப்பிட்டாள். அந்தக் குரலில் இருந்த நிதானத்தைக் கேட்டுத்தான் அவர் ஓடி வந்தார். சின்ன விஷயத்துக்குத்தான் அவள் கத்துவாள்.

அவர் எடைக்கருவி மெக்கானிக். கடைத் தராசு, மருந்துக்கடைத் தராசு, மூட்டை நிறுக்கும் மேடைத் தராசு எல்லாவற்றிலும் எடைக்கல் வைத்துப் பார்த்து, முள் உண்மை சொல்கிறதா என்று சோதித்து, சொன்னால் ஈய முத்திரை போடுவது அவர் வேலை. இருபத்திரண்டு வருடமாக அதைத்தான் செய்கிறார். பட்டறையில் அவருக்கு மில்லி என்று பெயர். மில்லிகிராம் என்பதன் சுருக்கம். யாராவது 'நான் கண்ணால பார்த்தேன்' என்று சொன்னால் மில்லிக்குச் சிரிப்பு வரும். "கண்ணுக்கு யாருப்பா சீல் போட்டா?" என்று கேட்பார்.

மனைவியின் தம்பி 'ரெண்டு நாள் இருந்துட்டுப் போறேன்' என்று சொல்லி ஒரு பையோடு வந்து எட்டு மாதம் ஆகிறது. ஹாலில் இருக்கும் சோபா அவனுடைய உடம்பின் அச்சாகவே மாறிவிட்டது. மில்லி சாயங்காலங்களில் பழைய தராசுகளைப் பிரித்துப் போடும் மேஜை ஹாலில்தான் இருந்தது. அது முதலில் பால்கனிக்குப் போனது. பிறகு கால்களைக் கழற்றிக் கட்டிலுக்கு அடியில் போனது. இப்போது பட்டறை விட்டு வந்தால் அவருக்கு உட்கார இடமில்லை. அதனால் மைத்துனன் தீயணைப்புத் துறை எழுத்துத் தேர்வில் தேறியபோது அவனைவிட அவர்தான் அதிகம் சந்தோஷப்பட்டார். பாக்கி இருந்தது ஓட்டம் மட்டும். ஐந்து கிலோமீட்டர், இருபத்தைந்து நிமிடம். மூன்று வாரத்தில் தேர்வு. 'பணியில் சேர்பவர்களுக்குக் குடியிருப்பு வழங்கப்படும்' என்ற வரியை அவர் விளம்பரத்தில் இரண்டு முறை அடிக்கோடிட்டு வைத்திருந்தார்.

ஓடப்போகிறவன் வியர்ப்பான். வியர்த்தால் தண்ணீர் மட்டுமல்ல, உப்பும் போகும். வெறும் தண்ணீரை மட்டும் ஊற்றிக்கொண்டே இருந்தால் இரத்தத்தில் மிச்சமிருக்கும் உப்பும் நீர்த்துப்போகும். இதை மில்லி படித்துத் தெரிந்துகொண்டு மனைவிக்கும் மைத்துனனுக்கும் சோபா எதிரே நின்று விளக்கினார். குடலின் சுவரில் ஒரு கதவு இருக்கிறதாம். உப்பு தனியாகப் போனால் அந்தக் கதவு சரியாகத் திறக்காதாம். சர்க்கரையும் உப்பும் கைகோத்துக்கொண்டு போனால்தான் திறக்குமாம். அவை இரண்டும் உள்ளே நுழைந்ததும் தண்ணீர் தானாகப் பின்னாலேயே போய்விடுமாம். கடையில் விற்கும் விளையாட்டு பானத்தின் சூட்சுமம் இவ்வளவுதான். மற்றதெல்லாம் கலரும் வாசனையும்.

"அப்போ கல்யாண வீடு மாதிரி," என்றான் மைத்துனன், படுத்தபடியே. "ஜோடியா வந்தாத்தான் மரியாதை."

மில்லி அவனைப் பொருட்படுத்தவில்லை. ஒரு லிட்டர் தண்ணீருக்கு அறுபது கிராம் சர்க்கரை, ஒன்றரை கிராம் உப்பு. பட்டறையிலிருந்து கொண்டுவந்த மருந்துக்கடைத் தராசில் நிறுத்து, எவர்சில்வர் பாட்டிலில் கரைத்துக் கொடுத்தார். மணிக்கட்டில் கட்டிக்கொள்ள அடி எண்ணும் வாட்ச் ஒன்றும் வாங்கிக் கொடுத்தார். எத்தனை அடி, எவ்வளவு தூரம், எந்த நிமிடத்தில் எவ்வளவு வேகம் என்று அது கோடு போட்டுக் காட்டும். வியர்வையை அளக்க வாசலிலேயே ஒரு மேடைத் தராசும் வந்து உட்கார்ந்தது. கணக்கு சுலபம். ஓடும் முன் சட்டையைக் கழற்றி ஓர் எடை, ஓடி வந்ததும் சட்டையைக் கழற்றி ஓர் எடை. எவ்வளவு குறைந்ததோ, அதோடு குடித்ததைக் கூட்டினால் வியர்வை.

முதல் நாள் பூங்காவிலிருந்து வந்தபோது மைத்துனன் தெப்பமாக நனைந்திருந்தான். தலைமுடியிலிருந்து சொட்டியது.

"எல்லாம் குடிச்சியா மாப்ள?"

"பாட்டில்ல ஒரு சொட்டு இல்ல மாமா."

எடை கிட்டத்தட்ட மாறவே இல்லை. குடித்தது ஒரு லிட்டர், எடை அப்படியே இருக்கிறது, ஆகவே வியர்வையும் ஒரு லிட்டர். இவ்வளவு துல்லியமான உடம்பை அவர் பார்த்ததில்லை. வாட்ச் ஐந்து கிலோமீட்டர் காட்டியது. மில்லி அன்று பட்டறைக்கு விசிலடித்துக்கொண்டு போனார்.

மறுநாள்தான் எறும்பு.

சட்டையை முகர்ந்தார். நாக்கில் வைக்கப்போனவரை மனைவி தடுத்தாள். விரலால் தடவிப் பார்த்தார். பிசுபிசுத்தது. வியர்வையில் சர்க்கரை வருகிறது. இந்த நினைப்பு வந்ததும் அவர் முகம் போன போக்கைப் பார்த்து, கேட்காமலேயே மனைவிக்குப் புரிந்துவிட்டது.

"எங்க வீட்ல யாருக்கும் சர்க்கரை வியாதி கிடையாது," என்றாள். "உங்க வீட்லதான் வரிசையா எல்லாருக்கும்."

"உன் தம்பி உடம்புக்கு எங்க வீட்டு வியாதி எப்படி வரும்?"

"அறுபது கிராம் அறுபது கிராம்னு அள்ளிப் போட்டீங்களே, அதான் வந்திருக்கு."

மைத்துனனைக் கிளினிக்குக்குக் கூட்டிப்போனார்கள். அவன் வரமாட்டேன் என்றான், ஊசி என்றால் பயம் என்றான், தனக்கு ஒன்றுமில்லை என்று சத்தியம் செய்தான். அக்கா கண்ணைத் துடைத்ததும் அடங்கிப்போய் வந்தான். சாப்பாட்டுக்கு முன் ஒரு முறை, பின் ஒரு முறை இரத்தம் எடுத்தார்கள். சர்க்கரை துளியும் கூடவில்லை. டாக்டர் கைகுலுக்கி அனுப்பினார்.

வேறு யாராக இருந்தாலும் அதோடு விட்டிருப்பார்கள். மில்லி யோசித்தார். இரத்தத்தில் இல்லை, ஆனால் சட்டையில் இருக்கிறது. அப்படியானால் போடும் சர்க்கரையை உடம்பு வைத்துக்கொள்ளாமல் வெளியே தள்ளுகிறது. இவன் குடலில் அந்தக் கதவு ஒத்துழைக்கவில்லை. சரி, சர்க்கரையை நிறுத்தி உப்பை இரட்டிப்பாக்குவோம்.

"மாமா, வெறும் தண்ணியே குடுங்களேன்," என்றான் மைத்துனன். "எனக்கு அதான் ஒத்துக்கும்."

"வெறும் தண்ணி எவ்வளவு ஆபத்து தெரியுமா மாப்ள?" என்று ஆரம்பித்தவர் அரை மணி நேரம் பேசினார். மைத்துனன் பாட்டிலை வாங்கிக்கொண்டு போய்விட்டான்.

எறும்பு வரவில்லை. அதற்குப் பதிலாக, காய்ந்த சட்டையின் முதுகில் வெள்ளை வெள்ளையாகக் கறை ஓடியது, உலக வரைபடம் மாதிரி. மில்லி தலையில் கைவைத்துக்கொண்டார். சிலருக்கு வியர்வையில் மற்றவர்களைவிட உப்பு அதிகம் போகும். இது உண்மைதான், அவரே படித்திருக்கிறார். தன் மைத்துனன் அந்த ரகம் என்று இவ்வளவு நாள் தெரியாமல் போயிற்றே. போகும் உப்பை ஈடுகட்ட மூன்று கிராமை நாலரை ஆக்கினார். வெள்ளைக் கறை இன்னும் தடித்தது. ஆறு ஆக்கினார். சட்டை கொடியிலிருந்து எடுத்த பிறகும் கையை விரித்தபடியே நின்றது.

மைத்துனனின் கண்கள் இரண்டும் சிவந்திருந்தன.

"கண்ணு எரியுது மாமா. வெறும் தண்ணி குடுங்க மாமா, புண்ணியமாப் போகும்."

"நெத்தியிலருந்து வேர்வை இறங்குது, எரியத்தான் செய்யும்," என்று சொல்லி மில்லி அவனுக்குக் கண் சொட்டுமருந்தும் நெற்றிப் பட்டையும் வாங்கினார்.

இதற்கிடையே வாட்ச் வேறு புதிர் போட்டது. ஓட்டத்தின் வேகம் நாளுக்கு நாள் கூடியது. முதல் நாள் இருபத்தெட்டு நிமிடம். ஒரு வாரத்தில் இருபத்தாறு. இரண்டாம் வாரம் இருபத்து நாலரை. மில்லிக்கு அதைப் பார்க்கும்போதெல்லாம் கட்டிலுக்கு அடியில் கிடக்கும் மேஜைக் கால்கள் நினைவுக்கு வரும். ஆனால் அடிக் கணக்கு இடித்தது. தூரத்தை அடியால் வகுத்தால் ஓர் அடி அரை மீட்டர்கூட வரவில்லை.

"ஏன் மாப்ள இப்படி குட்டி குட்டியா அடி வைக்கிற? காலை எட்டிப் போட வேண்டாமா?"

"நாளைக்குச் சொல்லிடறேன் மாமா."

"யாருகிட்ட?"

மைத்துனன் ஒரு கணம் விழித்தான். "கால்கிட்டதான் மாமா."

அதோடு தினமும் சரியாக ஏழேகாலுக்கு வேகக் கோடு செங்குத்தாக எகிறியது. நூறு மீட்டர் தூரத்துக்கு வெறி பிடித்த மாதிரி ஒரு பாய்ச்சல், பிறகு பழைய வேகம். இதைப் பற்றியும் மில்லி படித்திருந்தார். நிதான ஓட்டத்துக்கு நடுவே ஒரு விரைவோட்டம் சேர்த்தால் இதயம் பலப்படும். யாரும் சொல்லிக்கொடுக்காமல் தானாகவே அதைச் செய்கிறானே என்று அவருக்கு நெஞ்சு நெகிழ்ந்தது.

நெகிழ்ச்சி இரண்டு நாள்தான். மூன்றாம் நாள் வாட்சைக் கழற்றித் துடைக்கும்போது வாரைக் கவனித்தார். நாலாவது துளையில் போட்டுக் கொடுத்த கொக்கி, இப்போது கடைசித் துளையில் விழுந்து விழுந்து அங்கே தடம் பதிந்திருந்தது. நுட்ப அளவு பார்க்கும் வெர்னியர் இடுக்கியை எடுத்துவந்து மைத்துனனின் மணிக்கட்டை அளந்தார். அதே பழைய அளவுதான். அப்படியென்றால் ஓடும்போது மட்டும் கை வீங்குகிறது. தண்ணீர் அதிகமாகி உப்பு நீர்த்தால் விரலும் கையும் வீங்கும் என்று புத்தகத்திலேயே போட்டிருக்கிறது. உப்பு எட்டு கிராம் ஆயிற்று.

அன்று மனைவி சண்டைக்கே வந்துவிட்டாள். மூன்று சட்டை போச்சு, வாஷிங் மெஷின் ஒரு மாதிரி சத்தம் போடுகிறது, தம்பியின் தலைமுடி ஈர்க்குச்சியாக நிற்கிறது, இது வீடா உப்பளமா என்று வரிசையாகக் கேட்டாள். மில்லி காலண்டரைப் பார்த்தார். தேர்வுக்கு ஐந்து நாள்தான் இருந்தது. போடுவதெல்லாம் அப்படியே வெளியே வருகிறது என்றால், எவ்வளவு நேரத்தில் வருகிறது என்றாவது தெரிந்தால் எப்போது குடிக்கக் கொடுப்பது என்று முடிவு செய்யலாம். அதற்கு ஓர் அடையாளம் வேண்டும். ஆரஞ்சு பவுடர் ஒரு பாக்கெட் வாங்கி, மைத்துனனுக்குச் சொல்லாமல், பாட்டிலில் முழுவதையும் கொட்டினார்.

பொதுவாக ஒருவர் எதைக் குடித்தாலும் வியர்வைக்கு நிறம் வராது. வியர்வைச் சுரப்பி அப்படியான வடிகட்டி. மில்லிக்கு இது தெரியும்; மைத்துனன் உடம்பு விதிவிலக்கு என்பதால் லேசான சாயலாவது தெரியும் என்றுதான் எதிர்பார்த்தார். அதனால்தான், வாசலில் வந்து நின்ற மைத்துனன் உச்சந்தலையிலிருந்து இடுப்பு வரை ஆரஞ்சாக இருந்ததைப் பார்த்ததும் அவர் வாசலிலேயே சட்டையைக் கழற்றச் சொன்னார்.

"என்ன மாமா கலந்தீங்க?" என்றான் மைத்துனன், ரொம்பவும் நொந்துபோய். "வர்ற வழியெல்லாம் சிரிக்கிறாங்க."

சட்டையைப் பிளாஸ்டிக் பையில் போட்டுக்கொண்டு மில்லி கிளினிக்குக்கு ஓடினார். டாக்டர் சட்டையை முகர்ந்தார். பிறகு மில்லியிடம், ராத்திரி சரியாகத் தூங்குகிறீர்களா என்று கேட்டார். பசிக்கிறதா என்று கேட்டார். கடைசியில் மெதுவாகச் சொன்னார்: "சார், மனுஷ வேர்வை ஆரஞ்சு வாசனை அடிக்காது. அவர் ஓடும்போது நீங்க ஒரு நாள் கூடப் போய்ப் பாருங்களேன்."

மில்லிக்குக் கோபம் வந்தது. இரண்டு தராசு, ஒரு வாட்ச், பதினாறு நாள் அளவுகள் இவ்வளவும் இருக்கும்போது கண்ணால் போய்ப் பார்ப்பதாவது. வேறு டாக்டரைத்தான் பார்க்க வேண்டும் என்று முடிவு செய்துகொண்டு எழுந்து வந்தார்.

தேர்வு நாள் காலையில் மைத்துனன் சோபாவில் உட்கார்ந்து, கையைப் பிசைந்துகொண்டிருந்தான். முகம் வெளுத்திருந்தது. "மாமா, இன்னிக்கு ஒரு நாளாவது வெறும் தண்ணி குடுங்க," என்றான். ஆரஞ்சு இன்னும் முழுதாகப் போகாத காதுமடலைப் பார்த்தபோது மில்லிக்கு மனசு இளகிவிட்டது. படித்ததையெல்லாம் தூக்கிப் போட்டுவிட்டு, பாட்டிலில் குழாய்த் தண்ணீரைப் பிடித்துக் கொடுத்தார்.

மைதானத்தில் பன்னிரண்டரை சுற்று ஓட வேண்டும். மில்லியும் மனைவியும் கம்பிவேலியைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். முதல் சுற்றில் மைத்துனன் நடுவில் வந்தான். இரண்டாம் சுற்றில் கடைசியில் வந்தான். மூன்றாம் சுற்றில் வரவே இல்லை. எதிர்ப்பக்கம் புல்லில் மல்லாந்து கிடந்தான். ஓர் அதிகாரி அவன் காலைப் பிடித்து மடக்கிக்கொண்டிருந்தார்.

"தசை பிடிச்சுக்கிச்சு மாமா," என்றான், நொண்டிக்கொண்டே வந்து.

தசைப்பிடிப்பு. உப்பு இல்லாததன் முதல் அறிகுறி. மில்லிக்கு உலகமே இருண்டது. இருபத்து நாலரை நிமிடத்தில் ஓடுகிறவனை, ஒரே ஒரு நாள் காலையில் இரக்கப்பட்டு, வெறும் தண்ணீரைக் கொடுத்து வீழ்த்திவிட்டார். வீட்டுக்கு வந்ததும் மனைவி ஆரம்பித்தாள். ஊருக்கெல்லாம் முள்ளைச் சரிபார்க்கிற மனுஷனுக்கு, வேண்டிய அன்றைக்கு ஒரு சிட்டிகை உப்புப் போடத் தோன்றவில்லையே என்றாள்.

மில்லி நேரே சோபாவின் முன்னால் போய் நின்றார். அங்கே மைத்துனன் காலில் தலையணை வைத்துப் படுத்திருந்தான்.

"தப்பு என்மேலதான் மாப்ள. அடுத்த தேர்வு ஆறு மாசத்துல வருது. அதுவரைக்கும் நீ எங்கேயும் போக வேண்டாம், இங்கேயே இரு."

"உங்களுக்குச் சிரமம் மாமா," என்றான் மைத்துனன்.

"ஒரு சிரமமும் இல்ல. இந்தச் சோபாவுக்கு நல்ல மெத்தையா ஒண்ணு போட்டுடலாம்."

கட்டிலுக்கு அடியில் கிடந்த மேஜையை அன்று சாயங்காலமே பட்டறை ஆள் ஒருவருக்குக் கொடுத்து அனுப்பினார். பலகை வாசற்படியைத் தாண்டியபோது அவர் அந்தப் பக்கம் பார்க்கவில்லை.

ஆனாலும் மறுநாள் விடிந்ததும் அவருக்கு இருப்புக்கொள்ளவில்லை. இந்த மூன்று வாரத்தில் அவர் சோதித்துப் பார்க்காத கருவி ஒன்றே ஒன்றுதான். அது அந்த வாட்ச். ஒருவேளை அது தூரத்தைக் கூட்டிக் காட்டியிருந்தால் பழி பாதியாவது குறையும். தூரம் அளக்கும் சக்கரத்தைத் தள்ளிக்கொண்டு, முதல் முறையாக, பூங்காவுக்குப் போனார். மைத்துனன் ஓய்வில் இருந்தான். குறட்டை தெருவரை கேட்டது.

பூங்காவின் ஓட்டப்பாதையைச் சக்கரத்தால் அளந்தார். ஒரு சுற்று ஆயிரத்து இருநூற்று ஐம்பது மீட்டர். நாலு சுற்று ஐந்து கிலோமீட்டர். வாட்ச் சுத்தமாகத்தான் சொல்லியிருக்கிறது. மில்லி பெருமூச்சோடு வாசல் பக்கத்து பெஞ்சில் உட்காரப் போனார். அதில் ஒரு பக்கம் முழுக்க வெள்ளைக் கறை படிந்து, நடுவே ஆரஞ்சுத் திட்டுகள் இருந்தன. எந்தப் பிள்ளை எதைக் கொட்டியதோ என்று நினைத்து மறுபக்கம் உட்கார்ந்தார்.

பூங்காக் காவலாளி சைக்கிளில் சுற்றி வந்தார். அவருடைய காலை வேலை அது: நாலு சுற்று போய், நாலு பக்கத்துக் கதவுகளையும் திறந்து, குழாய்களைப் பார்த்துவிட்டு வருவது. சைக்கிளுக்குப் பின்னால் ஒரு சின்னப் பழுப்பு நாய், விலா எலும்பு தெரிய, குட்டி குட்டியாக அடி வைத்து ஓடி வந்தது. வாசலுக்கு வெளியே பால் வண்டி ஒன்று கடந்து போனது. நாய் சட்டென்று திரும்பி, அதைத் துரத்திக்கொண்டு நூறு மீட்டர் தூரம் பறந்து, வெற்றியோடு திரும்பி வந்து, நாக்கைத் தொங்கப்போட்டுக்கொண்டு பெஞ்சின் கீழே விழுந்தது.

மில்லி பழக்கதோஷத்தில் மணி பார்த்தார். ஏழேகால்.

காவலாளி சைக்கிளை நிறுத்திவிட்டு, தினமும் இங்கே வரும் தம்பி இன்று ஏன் வரவில்லை என்று விசாரித்தார். தான் அவனுடைய மாமா என்று மில்லி சொன்னார். காவலாளியின் முகம் மலர்ந்தது. உப்பு, சர்க்கரை எல்லாம் நிறுத்துக் கலக்கிக் கொடுப்பவர் நீங்கள்தானா, ரொம்ப நாளாகப் பார்க்க வேண்டும் என்று இருந்தேன் என்றார். பிறகு நாயைக் குனிந்து பார்த்து, தயங்கி, தலையைச் சொறிந்தார்.

"தப்பா நினைச்சுக்காதீங்க சார். அந்தத் தம்பி இந்த பெஞ்சுல உக்காந்து தலையில ஊத்திக்கிற தண்ணியில, ஒரு வாய் இதுக்கும் குடுக்கச் சொல்லுங்க. மூணு வாரமா அந்த வாட்சைக் கழுத்துல கட்டிக்கிட்டு நாலு சுத்தும் ஓடுறது இதுதானே."